பின்னால் நிற்பவள்

கணினித் திரையில் அறுபத்தொன்பது என்று இருந்தது. ரோண்டா ப்ரூயிட் கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்தால் மதிப்பெண் ஏறிவிடுமா என்ன? அதே அறுபத்தொன்பதுதான். யெஸெனியா ஒலிவாஸ், பதினோராம் வகுப்பு, ஐந்தாம் பீரியட் கணக்கு. ரோண்டாவின் சியர் அணியில், அதாவது ஆட்டத்தின்போது கத்திக் குதித்துக் கூட்டத்தை உசுப்புகிற அணியில், மூன்று வருஷமாக இருக்கிற பெண். அந்தப் பள்ளிக்கு ரோண்டாதான் கணக்கு டீச்சர், அவளேதான் சியர் கோச். மூன்றரை மணி வரைக்கும் பிள்ளைகளுக்கு அவள் மிஸ், அதற்குமேல் கோச். ஆள் ஒன்றுதான், அலுப்பு மட்டும் இரண்டு ஆளுக்கானது.

உண்மையைச் சொன்னால் இந்தப் பள்ளிக்கூடத்தில் அறுபத்தொன்பது என்று ஒரு மதிப்பெண்ணே கிடையாது. எங்கேயும் எழுதி ஒட்டியிருக்காது. ஆனால் புதிதாக வேலைக்கு வருகிற வாத்தியாருக்குக் காப்பி மெஷினைக் காட்டிக்கொடுக்கிற அன்றைக்கே யாராவது இதையும் காதில் போட்டுவிடுவார்கள். எழுபது எடுத்தால் பாஸ். பாஸானால்தான் ஆட்டம், பாட்டு, சியர் எல்லாம். ஃபெயிலானால் மூன்று வாரம் பயிற்சிக்கு மட்டும் வரலாம், கூட்டத்துக்கு முன்னால் போய் நிற்க முடியாது. டெக்ஸஸ் முழுக்க அதுதான் விதி. ஆகவே, பிள்ளையைத் தேற்றிவிட நினைத்தால் எழுபது போட வேண்டும். நிறுத்தி வைக்க நினைத்தால் அறுபத்தாறோ அறுபத்தேழோ போட வேண்டும். ஒரே ஒரு மதிப்பெண் குறைத்து நிறுத்தினால் பெற்றவர்கள் வந்து மேசையைத் தட்டுவார்கள், வாத்தியார் முழிக்க வேண்டியதுதான். போன வருஷம் கால்பந்துப் பையன் ஒருத்தன் அறுபத்துநாலில் கிடந்தபோது, அவன் கோச் ஒரு டப்பா டோனட்டோடு வந்து நின்று பல்லைக் காட்டினார். ரோண்டாவும் ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொல்லி எழுபது போட்டாள். அவன் அந்தத் தாளை முழுதாகக்கூட எழுதவில்லை.

சியர் பெண்கள் விஷயம் வேறு. ஒன்பது வருஷத்துக்கு முன் யாரோ புண்ணியவான் பெயர் போடாமல் பள்ளி வாரியத்துக்குக் கடிதம் எழுதினான், ப்ரூயிட் டீச்சர் தன் பெண்களுக்கு மட்டும் மதிப்பெண்ணை அள்ளி வீசுகிறாள் என்று. விசாரணை எதுவும் நடக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளுக்குத் தன் பெண்கள் என்றாலே கண்டிப்பு ஒரு படி கூடிப்போனது. மற்ற பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை ஒரு நாள் தள்ளிக் கொடுத்தால் பத்து மதிப்பெண் குறையும். சியர் பெண் தள்ளிக் கொடுத்தால் பூஜ்யம். யெஸெனியா இரண்டு முறை தள்ளிக் கொடுத்திருந்தாள். பருத்தி அறுவடைக் காலம். அவள் அம்மாவுக்கு ஜின்னிங் மில்லில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். தம்பி தங்கைகள் மூன்று பேரை எழுப்பிக் குளிப்பாட்டி வேன் ஏற்றிவிட்டு வருகிறவள் அவள்தான். இதெல்லாம் ரோண்டாவுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் இரண்டு பூஜ்யம் போட்டாள். அதை நேர்மை என்றே நினைத்திருந்தாள், பாவி.

திரையை அப்படியே சேமித்தாள். ஒரு மணி நேரத்தில் பள்ளி முதல்வர் கோர்லி கதவில் வந்து சாய்ந்தார். பள்ளிக் காலத்தில் அவளுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர், இன்றைக்கும் அதே நக்கல்.

“என்ன ரோண்டா, கண்ணு தெரியலையா? அறுபத்தொம்பதுன்னு ஏத்தி வச்சிருக்க.”

“தெரியுது. அவ வாங்கினது அவ்வளவுதான்.”

“ஒண்ணு, எழுபதாக்கு. இல்லாட்டி அறுபத்தாறாக்கு. இப்படி அந்தரத்துல தொங்க விட்டா அவங்கம்மா வந்து என் உயிர வாங்கமாட்டாங்களா?”

“அவங்கம்மாவுக்கு மில்லுல ஷிஃப்ட். அவங்க எங்க வரப் போறாங்க?”

சொன்ன பிறகுதான் அவளுக்கே சுருக்கென்றது. கோர்லி தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் பள்ளி விட்டதும் யெஸெனியா வந்தாள். அகன்ற தோள், தடித்த மணிக்கட்டு, நிமிர்ந்தே பார்க்காத கண். அணியில் எல்லாரும் கோச் என்று கூப்பிட்டாலும் அவள் மட்டும் எந்நேரமும் மிஸ் என்றுதான் கூப்பிடுவாள்.

“மிஸ், ஒரே ஒரு மார்க்கு.”

“தெரியும்மா.”

“வேற ஏதாச்சும் எழுதித் தரட்டுமா? எவ்வளவு வேணா எழுதறேன். ராத்திரியே எழுதிருவேன்.”

“உனக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாருக்கும் குடுக்கணும் யெஸ்ஸி. ஊரு என்ன பேசும்?”

அவள் வாதாடவில்லை. வாதாடுகிற வீட்டில் பிறந்தவள் இல்லை. “அப்ப ஹோம்கமிங்குக்கு டெலேனிக்குப் பின்னாடி யாரு நிக்கறது?” என்று மட்டும் கேட்டாள். தனக்காகக் கேட்ட கேள்வியில்லை அது.

டெலேனி அணியில் மேலே ஏறுகிறவள். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பாதத்தைத் தாங்கித் தலைக்குமேல் தூக்கி நிறுத்துவார்கள். கூட்டம் டெலேனியைப் பார்க்கும், அவள் சிரிப்பைப் பார்க்கும், அவள் கூந்தல் ரிப்பனைப் பார்க்கும். அவளுக்குப் பின்னால் நின்று இரண்டு கணுக்காலையும் பிடித்திருக்கிறவளை யாரும் பார்ப்பதில்லை. அவள் வேலையே அதுதான். மேலே இருப்பவள் மல்லாக்கச் சரிந்து இறங்கும்போது கால் பக்கத்தை முன்னாலிருக்கிற இருவரும் வாங்கிக்கொள்வார்கள். தலையும் தோளும் பின்னால் நிற்பவளுடையது. தொட்டில் என்றுதான் அந்தப் பிடிக்குப் பெயர். மூன்று வருஷத்தில் யெஸெனியாவின் கையிலிருந்து ஒரு தலைகூடத் தரையைத் தொட்டதில்லை. மேலே போவதற்கு முன் ஒவ்வொரு முறையும் டெலேனி திரும்பிப் பார்க்காமலே கேட்பாள், “யெஸ்ஸி, இருக்கியா?” என்று. யெஸெனியா வாயால் பதில் சொன்னதே கிடையாது. கணுக்காலை ஒரு தடவை அழுத்துவாள். அதற்குப் பிறகுதான் டெலேனி சிரிப்பை எடுத்து முகத்தில் மாட்டுவாள்.

மதிப்பெண் ஏறி ஒரு வாரம் கழித்துத்தான் விதி வந்து பிடிக்கும். அந்த ஒரு வாரம் முடிகிற வெள்ளிக்கிழமையே ஹோம்கமிங். ஊரை விட்டுப் போனவர்கள் எல்லாம் அன்றைக்குத் திரும்பி வருவார்கள். மதியம் பள்ளியின் ஜிம் அரங்கில் கூட்டம், மாலை ஆட்டம். ரோண்டா பதினேழு வயதில் குதித்த அணி, இப்போது பேரப்பிள்ளை எடுத்தவள் வரைக்கும், முன்வரிசையில் வந்து உட்காரப் போவதாகச் சேதி வந்திருந்தது. டெலேனியை மேலே ஏற்றாமல் விட்டிருக்கலாம். இடுப்பளவுக்கு ஏற்றி இறக்கியிருக்கலாம். எந்த அம்மாவும் அதற்காகச் சண்டைக்கு வந்திருக்கமாட்டாள்.

“கீழயே நின்னு கையத் தட்டிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?” என்றார் கோர்லி.

“நான் அப்படிச் சொல்லவே இல்லையே” என்றாள் ரோண்டா. உண்மையில் அதற்குமுன் அவளுக்கு அந்த யோசனை வந்துதான் இருந்தது.

பின்னால் நிற்க ரூதியைப் பிடித்தாள். ஒன்பதாம் வகுப்பு, பதினாலு வயது, கோடையில்தான் அணியில் சேர்ந்தவள். உயரம் இருந்தது, ஆசை இருந்தது. ‘கோச், நானா?’ என்று கேட்டபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! திங்கட்கிழமையிலிருந்து யெஸெனியாதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். தன் இடத்தில் இன்னொருத்தியை நிறுத்தி, அவள் தோளைத் திருப்பி, முழங்காலைத் தட்டி மடக்கி, “மேல பாரு, மேல பாரு, அவ இடுப்ப மட்டும் பாரு” என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் யெஸெனியா பேசியதை எண்ணினால் மூன்று வருஷத்தில் பேசியதைவிட அதிகம் வரும்.

ரோண்டாவிடம் ஒரு விதி உண்டு, அவளே போட்டுக்கொண்டது. புதிதாகப் பின்னால் நிற்கிறவள் மெத்தைமேல் தொடர்ந்து பத்துத் தடவை சுத்தமாகப் பிடிக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் மரத்தரை. நடுவில் ஒன்று தவறினால் மறுபடி முதலிலிருந்து. ஜிம் கதவில் தொங்குகிற அட்டையில் பெயர் எழுதி, ஒவ்வொரு பிடிக்கும் ஒரு கோடு இழுப்பாள். நாலு கோடு, குறுக்கே ஒன்று, அது ஒரு கட்டு. இரண்டு கட்டு நிறைந்தால் பத்து. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தப் பத்தை அவள் குறைத்ததில்லை. மேலேயிருந்து ஒரு ஆள் வந்து விழுந்தால் விலகிக்கொள்வதுதான் உடம்பின் புத்தி. அந்தப் புத்தியை அடித்துப் போடத்தான் பத்து. ரூதியின் உடம்பு விலகிக்கொண்டுதான் இருந்தது. ஒன்று, இரண்டு வரைக்கும் நிற்பாள். மூன்றாவது எண்ணிக்கையில், கனம் வந்து இறங்குகிற அந்த நேரத்தில், இடது கால் அரையடி பின்னால் போய்விடும்.

வியாழக்கிழமை மாலை நாலு பிடித்துத் தவறவிட்டாள். மறுபடி முதலிலிருந்து. இரண்டில் தவறினாள். மறுபடி முதலிலிருந்து. அப்புறம் ஒரே மூச்சில் ஆறு. ஆறும் அழகு. ரோண்டாவுக்குக் காலையிலிருந்து தலைவலி. நூற்று முப்பத்திரண்டு பரீட்சைத் தாள் கார் பின்சீட்டில் திருத்தாமல் கிடந்தது. மறுநாள் ஊர்வலத்துக்கான வண்டியை இன்னும் அலங்கரிக்கவில்லை. ரூதியின் கை நடுங்குவது எட்டத்திலிருந்தே தெரிந்தது. இனி ஏற்றினால் தவறும், தவறினால் திரும்பவும் ஒன்று. “போதும், எல்லாரும் வீட்டுக்குக் கிளம்புங்க” என்றாள் ரோண்டா. பெண்கள் ஓவென்று கத்திக்கொண்டு ஓடினார்கள்.

அட்டையில் ஒரு கட்டும், அதற்குப் பக்கத்தில் ஒற்றைக் கோடும் இருந்தன. ரோண்டா பேனாவை எடுத்தாள். மூன்று கோடு நிமிர்த்தி இழுத்து, நாலாவதைக் குறுக்கே போட்டாள். யோசித்துச் செய்தது என்று சொல்ல முடியாது. தூக்கக் கலக்கத்தில் அடுப்பை அணைக்கிற மாதிரி கை தானாகச் செய்தது. யெஸெனியாவுக்கு ஒரு மதிப்பெண் தர மனமில்லாதவள் தனக்குத் தானே நாலு போட்டுக்கொண்டாள்.

பின்னால் மெத்தைப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த யெஸெனியா நிமிர்ந்தாள்.

“மிஸ், ஆறுதானே ஆச்சு?”

“காலைல மிச்சத்தப் பாத்துக்கலாம். நீ பாயச் சுருட்டு.”

காலையில் எங்கே பார்த்தார்கள்? வண்டி அலங்காரம், பலூன், ஊர்வலம், யாருக்கோ மூக்கில் ரத்தம். மதியம் ஆகிவிட்டது.

ஜிம்மில் எள் போட்டால் எள் விழாது. பெண்கள் எல்லாரும் மார்பில் ஹோம்கமிங் செவ்வந்தி குத்தியிருந்தார்கள். தட்டு அகலத்துக்குத் துணிப்பூ, முழங்காலைத் தாண்டித் தொங்குகிற ரிப்பன்கள், ரிப்பன் நுனிகளில் குட்டிக் குட்டி மணிகள். அன்றைக்கு இந்த ஊரில் ஒரு பெண் சத்தமில்லாமல் நடந்துவிட முடியாது. யெஸெனியாவும் அவள் அம்மா ஷிஃப்ட் முடிந்து வந்து தைத்துக்கொடுத்த பூவைக் குத்திக்கொண்டு, சீருடை இல்லாமல், பார்வையாளர் படிவரிசையில் மூன்றாவது படியில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் ரோண்டாவின் பழைய அணி, அந்தக் காலத்துச் சட்டையை வயிற்றுக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, “ரோண்டா! அடியே ரோண்டா!” என்று கையை ஆட்டியது. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை அப்புறம் நினைத்து நினைத்து நொந்தாள்.

“ரூதி, இருக்கியா?” என்று டெலேனி கேட்டது ரோண்டாவின் காதில் விழுந்தது.

“இருக்கேன், இருக்கேன்” என்றாள் ரூதி. வாயால் சொன்னாள்.

ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. டெலேனி மேலே போனாள். நின்றாள். சிரித்தாள். கைகளை விரித்தாள். ஜிம்மே எழுந்து கத்தியது. பிறகு மல்லாக்கச் சரிந்தாள், சரிய வேண்டிய நேரத்தில், சரிய வேண்டிய மாதிரி. அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. ஒன்று. இரண்டு. ரூதியின் இடது கால் பின்னால் போனது. முன்னாலிருந்த இருவரும் கால்களைச் சுத்தமாக வாங்கிக்கொண்டார்கள். அதனால்தான் மேல்பாதி மட்டும் அவ்வளவு வேகமாக இறங்கியது. மரத்தரையில் முதுகு பட்ட சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. புத்தகக் கட்டு விழுந்த மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. ஆனால் மணிகள் ஓயவில்லை. நானூறு பெண்களின் ரிப்பன்களில் அத்தனை மணியும் கலகலவென்று, கல்யாண வீடு மாதிரி, ஒலித்துக்கொண்டே இருந்தன. எல்லாருக்கும் உடம்பு நடுங்கியது, அவ்வளவுதான். “யாரும் அவளத் தொடாதீங்க!” என்று ரோண்டா கத்தினாள். யெஸெனியா அதற்குள் படிகளில் குதித்து வந்து, டெலேனியின் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கையையும் நீட்டி, தொடக்கூடாது என்று சொன்னதால் தொடாமல், காற்றிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஹெலிகாப்டரில் லப்பக் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முதல் நாள் டாக்டர், பொறுத்துப் பார்ப்போம் என்றார். மூன்றாம் நாள் அந்த வார்த்தையும் போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, திரும்பும் என்று தான் சொல்லமாட்டேன் என்றார். டெலேனியின் அம்மா அதைக் கேட்டுக்கொண்டு, ரோண்டாவைக் கட்டிப்பிடித்து, “நீங்க எம்மவளுக்கு இன்னொரு அம்மா மாதிரி கோச், உங்களால ஆனதெல்லாம் செஞ்சீங்க” என்று அழுதாள். ரோண்டாவும் அழுதாள். அந்த அழுகை எதற்கென்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. திறக்காமல் இருக்குமா? ரோண்டா பலகையில் சமன்பாடு எழுதினாள். ஐந்தாம் பீரியடில் யெஸெனியா தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுப்பாடத்தைப் பெயர் போட்டு, தேதி போட்டு, மணியடிக்கும் முன்பே மேசைமேல் வைத்திருந்தாள். எட்டுக் கணக்கும் சரி. ரோண்டா சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் போனபின் கோர்லி ஒரு தாளோடு வந்தார். கதவைச் சாத்தினார். அவரிடம் இன்றைக்கு நக்கல் இல்லை.

“ஜிம்முல அட்டையப் பாத்தேன். போட்டோவும் எடுத்துட்டேன். பத்து இருக்கு. நல்ல வேளை ரோண்டா. நீ செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சிருக்க.”

அவள் பலகையை அழிக்கத் திரும்பினாள்.

“மாவட்ட ஆபீசுக்கு அறிக்கை போகணும். முழுப் பயிற்சி குடுத்தாச்சு, மாத்தி நின்ன பொண்ணு எண்ணிக்கைய விட்டுட்டா, அப்படின்னுதான் எழுதியிருக்கு. சின்னப் பொண்ணு, நாம யாரும் அவளக் குத்தம் சொல்லல. ஆனா ஏதாச்சும் ஒண்ணு எழுதித்தானே ஆகணும்?”

“ரூதி வந்தாளா இன்னைக்கு?”

“வரல. காலைல அவங்கம்மா வந்து அலமாரியக் காலி பண்ணிட்டுப் போனாங்க. அதுல யாரோ என்னமோ எழுதி ஒட்டியிருக்காங்க. பசங்க எப்படின்னுதான் உனக்குத் தெரியுமே.”

“என்ன எழுதியிருந்துச்சு?”

“விடு ரோண்டா. அது எதுக்கு இப்ப?”

சொல்லிவிடலாம். வாயைத் திறந்தால் ஒரே ஒரு வார்த்தைதான். ஆறு. அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்ததை அவளே உணர்ந்தாள். அதோடு கூடவே மற்றதெல்லாமும் வந்தது. இருபத்திரண்டு வருஷ வேலை, வக்கீல், டெலேனியின் அம்மா கட்டிப்பிடித்த கை. இந்த ஊரில் இனிமேல் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் ரொட்டி வாங்க முடியுமா? கோர்லி பேனாவின் மூடியைத் தானே கழற்றி நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். கை நடுங்கக்கூட இல்லை, அதுதான் கொடுமை.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் யெஸெனியா கார் அருகில் காத்திருந்தாள். “மிஸ், லப்பக் போறீங்களா? நானும் வரட்டுமா? வீட்ல காரு இல்ல” என்றாள். ரோண்டா முன்கதவைத் திறந்துவிட்டாள்.

தொண்ணூறு மைல். இரண்டு பக்கமும் அறுத்த பருத்திக் காடு. காற்று பிய்த்துக்கொண்டு வந்த பஞ்சு ரோட்டோரம் முழுக்க அழுக்காக ஒட்டிக் கிடந்தது. நாற்பது மைல் போயிற்று. அப்புறம் யெஸெனியா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“ஸாரி மிஸ்.”

“எதுக்கும்மா?”

“நான் அந்த ஒரு மார்க்க வாங்கியிருந்தா இது நடந்திருக்காது. ரெண்டு வீட்டுப்பாடம். தங்கச்சிக்கு ஜுரம், அதான் அன்னைக்கு. எழுந்து எழுதியிருக்கலாம். எழுதல.”

 திட்டியிருந்தால்கூட ரோண்டா தாங்கியிருப்பாள். காரை ஓரங்கட்டி நிறுத்தினாள். ஒரு லாரி அவர்களைக் கடந்து போனது, கார் ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

“ஆறுதான் யெஸ்ஸி” என்றாள். “பத்து இல்ல.”

“தெரியும் மிஸ். நானும் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்.”

“யாருகிட்டயாச்சும் சொன்னியா?”

“இல்ல.” யெஸெனியா மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்தாள். “நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

 நேற்றே கையெழுத்துப் போட்டாயிற்று என்று சொல்ல ரோண்டாவுக்கு வாய் வரவில்லை. கண்டிப்பான டீச்சர் என்று பெயர் எடுத்தவளுக்கு, பதினாறு வயதுப் பெண் முன்னால் ஒரு வாக்கியம் பேச நாக்கு எழவில்லை. வண்டியை மறுபடி ரோட்டில் ஏற்றினாள். ரூதியின் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும் என்று நினைத்தாள். நாளைக்கே கோர்லியிடம் போய் அந்தத் தாளைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். இப்படி நாளைக்கு என்று நினைத்துத்தான் அன்றைக்கும் பாயைச் சுருட்டச் சொன்னோம் என்பதும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

ஆஸ்பத்திரி அறையில் டெலேனியின் அம்மா இல்லை, காப்பி குடிக்கப் போயிருந்தாள். டெலேனி கழுத்திலும் முதுகிலும் பட்டை கட்டி, அசையாமல், கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். தலையைத் திருப்ப முடியாது. அவளுடைய ஹோம்கமிங் பூவை யாரோ மருந்துப் பாட்டில் தொங்குகிற கம்பியில் கட்டியிருந்தார்கள். கதவு திறந்த காற்றுக்கு அது லேசாக மணியடித்தது.

“யாரு?”

“நாந்தான்டா, கோச்.”

“கூட யாரு? கூட யாரோ இருக்காங்க.”

யெஸெனியா பதில் சொல்லவில்லை. டெலேனிக்கு அவள் எப்போது வாயால் பதில் சொன்னாள்? கட்டிலின் கால்மாட்டுக்குப் போனாள். போர்வையை மெல்ல விலக்கினாள். கால்களைச் சற்றே அகட்டி, முழங்காலை மடக்கி, தோளை இறக்கி, ஜிம்மில் நிற்கிற அதே நிலையில் நின்று டெலேனியின் இரண்டு கணுக்கால்களையும் கைகளால் சுற்றிப் பிடித்தாள்.

டெலேனியின் முகம் மலர்ந்தது. “யெஸ்ஸி வந்திருக்காளா? எனக்குத் தெரியும். அவ நடந்தா தரை அதிரும்” என்று சிரித்தாள். அப்புறம் கூரையைப் பார்த்தபடியே, வழக்கமான குரலில் கேட்டாள்.

“யெஸ்ஸி, இருக்கியா?”

யெஸெனியா அழுத்தினாள்.

டெலேனி காத்திருந்தாள். ரோண்டா கதவருகிலேயே நின்றாள். அங்கிருந்து இருவர் முகமும் அவளுக்குத் தெரிந்தது.

“யெஸ்ஸி?”

யெஸெனியா இன்னும் அழுத்தினாள். அவளுடைய தடித்த மணிக்கட்டில் நரம்பு புடைத்தது, விரல் முட்டிகள் வெளுத்தன, டெலேனியின் தோலில் விரல் பதிந்த இடம் சிவந்தது.

“கோச், அவ எங்க நிக்கிறா?” என்றாள் டெலேனி.